300 ரூபாய் ஆட்டோவில் நடசம்ராட்

நேற்று இரவுதான் சென்னை திரும்பினேன். துணியெல்லாம் இன்னும் பையிலேயே கிடக்கிறது. புனேக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வரிசை வருமா தெரியவில்லை. முதலில் அந்த லாட்ஜைத் திட்டிவிட்டு வருகிறேன்.

செயலியில் 900 ரூபாய் அறை. பணமும் கட்டியாயிற்று. காலையில் போய் நின்றால், "அந்த ஆப்புக்கும் எங்களுக்கும் இப்போது சம்பந்தமே இல்லை" என்கிறார் கவுண்டரில் இருந்தவர், பல் துலக்கிக்கொண்டே. அடுத்த லாட்ஜில் தனி ஆளுக்கு அறை கிடையாதாம். மூன்றாவதில் கிடைத்தது, 2,200 ரூபாய். என் மூன்று நாள் பட்ஜெட்டில் முக்கால்வாசி அங்கேயே கரைந்தது. சாத்தாரா போகும் திட்டத்தை அந்தக் கவுண்டரிலேயே கைவிட்டேன்.

சாத்தாரா எதற்கு என்றால், மராத்தி நடிகர் ஸ்ரீராம் லாகூ 1927இல் பிறந்த ஊர் அது. இந்தப் பயணமே அவருக்காகத்தான். 'நம் ஊரில் யாருக்கு அவரைத் தெரியும்' என்று வீட்டில் கேட்டார்கள். முகத்தைக் காட்டினால் தெரியும். பழைய ஹிந்திப் படங்களில் கதாநாயகிக்கு அப்பாவாக, நீதிபதியாக, டாக்டராக வருவாரே, அவர். 'முகத்தர் கா சிக்கந்தர்' படத்தில் பணக்கார அப்பா. ரஜினியின் 'பணக்காரன்' படத்துக்கு மூலமான 'லாவாரிஸ்' படத்தில் குடிகாரன். நானும் அப்படித்தான் அவரை அறிந்திருந்தேன். போன வருஷம் 'பிஞ்ச்ரா' பார்த்த பிறகுதான் இத்தனை நாள் ஏமாந்தது தெரிந்தது. சாந்தாராம் 1972இல் எடுத்த மராத்திப் படம். ஒழுக்கமே உருவான பள்ளிக்கூட வாத்தியார் தமாஷா என்ற மராத்திக் கூத்தில் ஆடும் ஒருத்தியிடம் மனம் போய் படிப்படியாக அழிகிறார். லாகூவின் தோள்கள் காட்சிக்குக் காட்சி இறங்கிக்கொண்டே போகும். இந்த மனிதரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஹிந்திக்காரர்கள் அப்பா வேஷம் போட்டிருக்கிறார்கள்! 'கரோந்தா' போல ஒன்றிரண்டு விதிவிலக்கு. அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. மற்றதெல்லாம் என்னைக் கேட்டால் வீண்.

ஆட்டோ விஷயத்துக்கு வருகிறேன். ரயில் நிலையத்தில் ஏறும்போதே மீட்டர் ரிப்பேர் என்றார் ஆட்டோக்காரர். மூன்று லாட்ஜ் அலைந்து முடித்ததும் 300 கேட்டார். என் அரைகுறை ஹிந்தியில் சண்டை பிடித்தேன். நடுவில் அவரே, "எதற்கு வந்தீர்கள், ஐடி வேலையா?" என்றார். டாக்டர் லாகூவுக்காக என்றேன். மனிதர் ஆட்டோவை ஓரம் கட்டி அணைத்தார். இரண்டு கையையும் ஏந்தி, குரலைத் தழைத்து, "குணி கர் தேதா கா... கர்?" என்றார்.

யாராவது வீடு தருவீர்களா, வீடு?

'நடசம்ராட்' நாடகத்தின் வசனம் அது. குசுமாக்ரஜ் என்ற பெயரில் கவிதை எழுதிய வி.வா. சிர்வாட்கர் எழுதி, 1970இல் மேடை ஏறியது. கண்பத்ராவ் பேல்வல்கர் என்ற ஓய்வுபெற்ற பெரிய நடிகர் சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் தெருவுக்கு வருகிறார். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த வேஷத்தை முதலில் கட்டியவர் லாகூ. 2016இல் நானா படேகர் அதையே சினிமாவில் செய்தார். ஆட்டோக்காரருக்கு நாற்பது வயதுகூட இருக்காது, லாகூவை மேடையில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் வசனம் வாயில் நிற்கிறது. மூன்று லாட்ஜில் துரத்தப்பட்ட எனக்கு அதைவிடப் பொருத்தமான வசனம் ஏது? 300ஐக் கொடுத்துவிட்டேன். 200 அநியாயம், 100 நடிப்புக்கு.

அப்புறம்தான் தெரிந்தது, ரயில் நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது. அக்வா பாதையில் ஏறி சத்ரபதி சம்பாஜி உத்யான் நிறுத்தத்தில் இறங்கினால் நான் மாலையில் நாடகம் பார்த்த பால கந்தர்வ ரங்கமந்திர் பக்கத்திலேயே. 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும். போகிறவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையில் உருப்படியான தகவல் இது ஒன்றுதான்.

மெட்ரோ தெரியாமல் ஆட்டோவில் போனதில் ஒரு லாபம், சசூன் மருத்துவமனையைத் தாண்டிப் போனோம். அதை ஒட்டித்தான் பி.ஜே. மருத்துவக் கல்லூரி. லாகூ படித்தது அங்கே. சும்மா டாக்டர் பட்டம் இல்லை. காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர். கனடா, இங்கிலாந்து போய்ப் படித்து வந்தவர். தான்சானியாவில் தபோரா என்ற ஊரில் வேலை பார்த்தார். புனேயில் இருந்தவரை பகலில் தொண்டை பார்த்துவிட்டு மற்ற நேரத்தில் நாடகம். 1969இல், 42 வயதை நெருங்கும்போது, வைத்தியத்தை விட்டு முழுநேர நடிகரானார். முழுநேர நடிகராக அவர் முதலில் ஏறிய நாடகத்தில் அவருக்கு சம்பாஜி வேஷம், சிவாஜியின் மகன். நம் ஊரில் ஒருவர் சிவாஜியாக நடித்து சிவாஜி ஆனார், அங்கே ஒருவர் சிவாஜியின் மகனாக நடித்து டாக்டர் தொழிலைத் தொலைத்தார். எனக்கும் அதே வயதுதான். 2,200 ரூபாய் லாட்ஜுக்கே மூச்சு முட்டுகிறது, வேலையை விடுவதாவது!

நடிகராக மட்டும் இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். இயக்குநர் லாகூ இன்னும் பிடிவாதக்காரர். விஜய் டெண்டுல்கர் எழுதிய நாடகம் 'கிதாடே', அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், 1970இல் லாகூ இயக்கியது. சொத்துக்காக ஒருவரை ஒருவர் கொத்தித் தின்னும் குடும்பம். கரு கலைந்த பெண்ணின் சேலையில் ரத்தக் கறை தெரியும் காட்சி தணிக்கைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சிவப்பு கூடாது என்றார்கள். சரி என்று கறையை நீலமாக்கிவிட்டு, நாடகம் தொடங்கும் முன், தணிக்கை உத்தரவுப்படி நீலமாகக் காட்டுகிறோம், நீங்கள் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். அப்படிச் சொன்ன பிறகு அரங்கில் யாருக்கு வேறு நிறம் தெரிந்திருக்கும்? சினிமாவிலும் இயக்குநராக 1980இல் 'ஜாகோள்' எடுத்தார். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

மதியம் நாராயண் பேட்டையில் மிசள். முளைகட்டிய நரிப்பயறு, மேலே ஒரு கைப்பிடி மிக்சர், நறுக்கிய வெங்காயம், அதன் தலையில் 'கட்' என்று சொல்லும் சிவந்த எண்ணெய்க் குழம்பு. தொட்டுக்கொள்ள பாவ் இல்லை, சதுர பிரெட் துண்டு. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினேன். மூன்று நாளில் கொடுத்த காசுக்கு மனம் வருந்தாத ஒரே இடம். அங்கிருந்து புத்தகக் கடைகள் நிறைந்த அப்பா பல்வந்த் சௌக் நடக்கிற தூரம்தான். லாகூவின் தன்வரலாறு 'லமாண்' வாங்கப் போனேன். மணி இரண்டு. நான் தேடிப் போன கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார், விசிறி ஓடுகிறது, "நாலு மணிக்கு வாருங்கள்" என்கிறார். ஒன்றிலிருந்து நாலு வரை புனே தூங்கும் என்று ஜோக்காகக் கேள்விப்பட்டிருந்தேன். ஜோக் இல்லை.

மாலையில் பால கந்தர்வ ரங்கமந்திர். 1968இல் திறந்தது. பெண் வேஷத்தில் மகாராஷ்டிரத்தையே மயக்கிய பால கந்தர்வர் பெயர். கவுண்டரில் இருக்கை வரைபடத்தை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமாக எண்கள். நான் விரலை வைத்த எண்ணை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். பால்கனி 300. மறுபடியும் அதே 300! நாடகம் ஒரு குடும்பக் காமெடி. முதல் பாதி பிரமாதம், மொழி புரியாமலே சிரித்தேன். பின் பாதியில் எல்லோரும் கத்தினார்கள். ஆனால் நாடகம் தொடங்கப்போகிறது என்று மூன்றாவது மணி அடித்ததும் அத்தனை பேரும் சட்டென்று அடங்கியது இருக்கிறதே, அதற்கே காசு சரியாகிவிட்டது.

இடைவேளையில் பட்டாட்டா வடை. மராத்தி நாடகம் என்றால் அது இல்லாமல் ஆகாதாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலேஜ் படிக்கும்போது அப்பாவோடு போய் லாகூவின் 'நடசம்ராட்' பார்த்தாராம். எப்படி நடித்தார் என்று ஆவலாகக் கேட்டேன். நடை, குரல், கண் என்று ஏதாவது சொல்வார் என்று காகிதத் தட்டும் கையுமாக நின்றேன்.

"அது நினைவில்லை" என்றார். "இடைவேளையில் அப்பா இரண்டு வடை வாங்கினார். நான் என்னுடையதைத் தின்றுவிட்டேன். அவர் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தார்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் கீழே, நான் பால்கனி.

மறுநாள் நாலு மணிக்கு மறுபடி போய் 'லமாண்' வாங்கினேன். லமாண் என்றால் நாம் சொல்லும் லம்பாடி, ஊர் ஊராகப் பொதி சுமந்து போகிறவர்கள். புத்தகத்துக்குக் கொடுத்ததில் இரவுச் சாப்பாடு வாழைப்பழமாகிவிட்டது. பள்ளிக்கூட ஹிந்தி புண்ணியத்தில் எழுத்து கூட்டத் தெரியும். சோலாப்பூர் வருவதற்குள் ஒன்றரைப் பக்கம் முடித்தேன்.