காசிமேட்டில் காலை ஆறு மணி

கிள்ளானில் சூரியன் கடலில் மறையும். இங்கே கடலிலிருந்து எழும்பும். இது உடம்புக்குப் பழகவே எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. தண்டையார்பேட்டைக்கு மருமகளாக வந்த புதிதில், மலேசியாவில் செய்தபடியே சாயந்திரம் கேமராவை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போவேன். அதற்குள் வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியிருக்கும். படகு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். "காலையில போய்ப் பாரும்மா, விடியறதுக்கு முன்னாடியே அங்க ஏலம் நடக்கும்" என்று அத்தைதான் வழி சொன்னார்.

முதல் நாள் ஏசி அறையிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. இப்போதெல்லாம் இரவே கேமராவைக் கூடத்தில் வைத்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். ஜூம் கிடையாது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நான்தான் கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் பேச வேண்டும். அந்தப் பேச்சுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் தமிழ்தான் பேசுகிறேன். ஆனால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் இங்கே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். நான் கெம்போங் என்று கேட்கிற மீன் இங்கே கானாங்கத்தை.

இந்த ஊரில் எனக்கு முதலில் சொந்தமாகத் தெரிந்தவை கன்டெய்னர் லாரிகள்தான். துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும் அந்த டிரெய்லர்களைக் கிள்ளான் துறைமுகச் சாலையில் பார்த்துத்தான் வளர்ந்தேன். என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறினார். 1926இல் கட்டிய கப்பல் அது. நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போகும். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். அவர் புறப்பட்ட நாளின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் தெற்கே திரும்பி நின்றால் பெரிய துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். படகுகளை எடுக்கும்போது அவற்றையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொள்வேன். படத்தின் அமைப்புக்கு அவை இடைஞ்சல்தான். இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பலமுறை எடுத்திருக்கிறேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா பக்கம் புறப்பட்டது. முகப்பின் தூண்களுக்கு வெளியே சாலையில் நின்றுதான் எடுப்பேன். அழகான கட்டடம். ஆனாலும் மனம் காசிமேட்டுக்கே இழுக்கிறது.

எடுத்ததில் ஒன்றை அங்கிருந்தே அம்மாவுக்கு அனுப்புவேன். இங்கே ஆறு மணி என்றால் அங்கே எட்டரை. ஆரம்பத்தில் அனுப்பியதெல்லாம் சூரியனும் படகும் தண்ணீரும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். அந்த வண்ணங்களை மட்டும் நூறு படமாவது எடுத்திருப்பேன். "அழகா இருக்கு. அந்த ஊர்ல மனுஷங்களே இல்லையா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகுதான் மீன் விற்கும் ஆயா ஒருவரை எடுத்தேன். கூடைக்கு முன்னால் குனிந்திருந்தார், பக்கவாட்டில் வெளிச்சம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்தேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இன்னா கண்ணு, கன்னத்துல செதில் ஒட்டினு கீது. இதையா உங்க ஊருக்கு அனுப்பின? சொல்லியிருந்தா தொடச்சிருப்பேன்ல."

அந்தச் செதிலில் பட்ட வெளிச்சத்துக்காகவே எடுத்த படம் அது. அவரைக் கேட்காமல் எடுத்தது தவறுதான். மன்னிப்புக் கேட்டேன். என் கணினியிலிருந்தும் அம்மாவின் போனிலிருந்தும் அந்தப் படத்தை நீக்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயா முகம் கழுவி, பூ வைத்து, கூடையைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நேர் வெளிச்சம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு லென்ஸைப் பார்த்தார். "உங்கம்மாவுக்குக் காட்டு. இன்னா சொன்னாங்கன்னு வந்து சொல்லு."

அங்கேயே நின்று அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "மகாராணி மாதிரி இருக்காங்க. பசியாறிட்டாங்களான்னு கேளு."

கேட்டேன். ஆயாவுக்கு இந்தத் தடவை புரிந்தது.

"எங்க கண்ணு, இன்னும் போணியே ஆவல."