வெஸ்ட்டவுன் குவேக்கர் பள்ளியில் மகளைச் சேர்த்த அனுபவம்

பென்சில்வேனியாவில் வெஸ்ட் செஸ்டர் பக்கம் இருக்கும் வெஸ்ட்டவுன் பள்ளியில் எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எக்ஸ்டன், மால்வர்ன் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் சிலர், "குவேக்கர் பள்ளின்னா என்ன? எப்படி இடம் கிடைச்சுது? அவ்வளவு ஃபீஸ் எப்படிக் கட்டுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த கிறிஸ்தவ வழியைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது என்பதுதான் அவர்கள் நம்பிக்கைக்கு அடிப்படை. அந்த ஒளியில் ஆண், பெண் பேதம் இல்லை என்பதால் 1668லேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைக்கச் சொன்னவர் ஃபாக்ஸ். பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் காலத்தில், 1689ல், பிலடெல்பியாவில் தொடங்கிய பள்ளி பென் சார்ட்டர் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. வெஸ்ட்டவுன் 1799ல் வந்தது. நகரத்துப் பகட்டு பிள்ளைகளைத் தொற்றக்கூடாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி 600 ஏக்கர் நிலம் வாங்கிக் கட்டிய உறைவிடப் பள்ளி அது. முதலிலிருந்தே பையன்களும் பெண்களும் அங்கே படித்தார்கள்.

எனக்கு அந்தப் பள்ளியின் மேல் பிடிப்பு வந்தது ஒரு பூகோள உருண்டையால். 1800களின் தொடக்கத்தில் அங்கே படித்த சிறுமிகள் பட்டுத் துணியை உருண்டையாகத் தைத்து, அதன்மேல் அட்சரேகை, தீர்க்கரேகை, கண்டங்களின் கரையோரம் எல்லாவற்றையும் ஊசி நூலால் போட்டிருக்கிறார்கள். நாடுகளின் பெயர்கள்கூடப் பொடிப்பொடி எழுத்தில் இருக்கின்றன. வேறு இடங்களில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்ட காலத்தில், இங்கே அந்தத் தையலுக்குள்ளேயே பூமி சாஸ்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்படி யோசித்த ஆசிரியைகள் இருந்த இடத்தில் என் மகள் படிக்கட்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். செப்டம்பர், அக்டோபரில் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாட்கள் வைப்பார்கள். கட்டாயம் போங்கள். ஆன்லைன் விண்ணப்பம், மாணவர் எழுதும் கட்டுரை, பெற்றோர் எழுதும் குறிப்பு, பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், ஆங்கிலம், கணக்கு ஆசிரியர்களின் பரிந்துரை, அப்புறம் நேர்காணல். நுழைவுத் தேர்வு விஷயம் பள்ளிக்குப் பள்ளி, வருடத்துக்கு வருடம் மாறும். அட்மிஷன் ஆபீஸிலேயே கேட்டுவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஆசிரியர்களிடம் சொல்லிவையுங்கள். மகள் முன்பு படித்த பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கடைசித் தேதி நெருங்கும்வரை வரவே இல்லை. நான் விடாமல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் குறிப்பில் பிள்ளை வாங்கிய பரிசுகளை அடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டில் தம்பியோடு எப்படிச் சண்டை போடுவாள், எப்படிச் சமாதானம் ஆவாள் என்று நான் எழுதினேன். நேர்காணலில் அவளிடம் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பிள்ளை ஒரு நாள் முழுக்க அங்குள்ள மாணவர் ஒருவரோடு வகுப்புகளுக்குப் போய்வரலாம். அன்று குவேக்கர் வழிபாடும் இருக்கும்படி நாள் கேட்டு வாங்கினோம். நானும் உட்கார அனுமதி கிடைத்தது. சிலுவை இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. வரிசையாக மர பெஞ்சுகள். ஆசிரியர்களும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள், பேச்சு அடங்கியது, அவ்வளவுதான். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் எழுந்தான். பதினைந்து வயது இருக்கும். தாத்தா மருத்துவமனையில் இருக்கிறார், போன வாரம் அவர் கூப்பிட்டபோது விளையாடிக்கொண்டிருந்ததால் போனை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் பதில் சொல்லவில்லை, ஆறுதல் சொல்ல ஓடவும் இல்லை. அவன் பக்கத்தில் இருந்தவன் மட்டும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டான். பிறகு பக்கத்தில் இருப்பவர்களோடு கைகுலுக்கினார்கள்; கூட்டம் முடிந்தது. பதின்வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு கூடத்தில் ஒருவன் இதைச் சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பள்ளியை முடிவு செய்யும் முன் இதில் ஒருமுறை உட்காருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா, வராதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து என் மாமியார், "ஏம்மா, மதம் மாத்திடுவாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குவேக்கர் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள் அல்ல. வழிபாட்டில் உட்கார வேண்டும், குவேக்கர் வழியைப் பற்றிப் பாடமும் உண்டு, ஆனால் சேரச் சொல்வதில்லை. அத்தைக்கு வேப்பேரி பென்டிங்க் பள்ளி நன்றாகத் தெரியும். அங்கே 1928ல் ஆசிரியையாக வந்து தலைமையாசிரியை ஆன மார்ஜரி சைக்ஸ், சென்னையில் இருக்கும்போதுதான் குவேக்கர் ஆனார். பிறகு சாந்திநிகேதன் போய், சேவாகிராமில் காந்தியின் ஆதாரக் கல்விக்காக உழைத்தார். "அவங்க கூட்டமா? அப்ப சரி" என்றார் அத்தை.

நேர்காணலில் எங்களுக்கும் கேள்வி கேட்க நேரம் கொடுத்தார்கள். நான் மனதில் உறுத்தியதைக் கேட்டேன். பிலடெல்பியா குவேக்கர்கள் 1776லேயே தங்கள் உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்தவர்கள். அவர்களில் ஒருவரான அந்தோனி பெனெசெட் 1750லேயே தன் வீட்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார். அப்படிப்பட்டவர்களின் பள்ளிகள் பலவும் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள 20ஆம் நூற்றாண்டுவரை காத்திருந்தது ஏன்? வாஷிங்டனில் ஜனாதிபதிகளின் பிள்ளைகள் படித்த சிட்வெல் ஃபிரெண்ட்ஸ் பள்ளியே 1956ல்தான் கதவைத் திறந்தது. எங்களோடு பேசியவர் மழுப்பவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை முடிவெடுப்பதில்லை, வாக்கெடுப்பு கிடையாது என்பது குவேக்கர் முறை. அந்தப் பொறுமைக்குப் பின்னால் பலர் பல காலம் ஒளிந்துகொண்டார்கள் என்றார். இங்கே பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் நம்மவர்களும் இதைத் தெரிந்துகொண்டுதான் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி பணம். இந்தப் பகுதிக் குவேக்கர் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கு வீட்டிலிருந்து போய்வருபவர்களுக்கே கட்டணம் வருடத்துக்கு 40,000 டாலரைத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்தே பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். நிதியுதவிக்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது: வருமான வரிப் படிவம், சம்பளச் சான்று, வீட்டுக் கடன், சேமிப்பு எல்லாம் கேட்பார்கள். ஊரில் பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு அந்தப் படிவத்தில் சரியான கட்டம் கிடைக்காமல் போகலாம். நாங்கள் வங்கிப் பரிமாற்ற ரசீதுகளையும், மாமனாரின் டயாலிசிஸ் செலவையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைத்தோம். நிதியுதவி ஆபீஸிலிருந்து கூப்பிட்டு இரண்டு விளக்கம் கேட்டார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள். வந்த உதவி முழுக் கட்டணம் இல்லை, ஆனால் எங்களால் சமாளிக்க முடிகிற அளவுக்குக் குறைந்தது. இந்தியச் சொத்தை மறைக்கச் சொல்லி ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், கேட்ட இடத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

சேர்ந்த பிறகு பார்த்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளியில் வேலை முறை உண்டு. என் மகளுக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் முறை வந்தது. வீட்டில் தட்டை எடுத்து வைக்காதவள் அங்கே ஒழுங்காகச் செய்கிறாள். ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பட்டம், பதவி சொல்லி யாரையும் உயர்த்துவதில்லை என்ற பழைய குவேக்கர் வழக்கத்தின் தொடர்ச்சி அது. அவள் கர்நாடக சங்கீதம் பாடுவாள். பழைய குவேக்கர்கள் இசையையே ஆடம்பரம் என்று ஒதுக்கியவர்கள். இன்று அதே வளாகத்தில் இசை வகுப்புகள் நடக்கின்றன, அவளும் அதில் இருக்கிறாள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நிதியுதவிக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வரிப் படிவம், ரசீது, கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தால் அடுத்த வருடம் வேலை பாதியாகக் குறையும். எங்கள் கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், எண்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.