ஒருவருக்கு எத்தனை பைக் வேண்டும்: புல்லட் டைமிங் சரியான பிறகு எழுதுவது

லோயர் கேம்ப்பில் தொடங்கும் குமுளி மலைச்சாலையைச் சென்ற வாரம் என் பழைய புல்லட் 350 ஒரு முறைகூட நாக் அடிக்காமல் ஏறி முடித்தது. மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைக் கடந்து மேலே ஏறி, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கும் இடத்தில், இஞ்சினுக்குள் சில்லறையைக் குலுக்குவதுபோல் இத்தனை மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாக் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. கம்பத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் மூன்று வண்டிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஓராண்டாக முடிவுக்கு வராமல் இருந்த எனக்கு, பிளக் எந்தக் கணத்தில் தீப்பொறி விட வேண்டும் என்ற டைமிங்கைச் சரிசெய்த இந்த வேலையே விடையையும் கொடுத்தது.

மூன்றில் ஸ்பிளெண்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தீப்பொறியை மின்னணு முறையில் கவனித்துக்கொள்ளும் சிடிஐ இக்னிஷன் என்பதால் டைமிங் என்ற கவலையே அதற்குக் கிடையாது. சந்தைக்கும், தோட்டத்துக்கும், நள்ளிரவில் மருந்துக்கடைக்கும் அதுதான் போகிறது. இரண்டாவது, புள்ளிக்குப் புள்ளி நானே பிரித்து மாட்டும் புல்லட். மூன்றாவது ஆர்எக்ஸ் 100. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, இன்றும் அந்தச் சத்தத்துக்காகவே விலை ஏறிக்கொண்டு போகிறது.

புல்லட்டில் கேம் என்ற சுழலும் துண்டு தள்ளித் திறக்கும்போது பிளக்கில் தீப்பொறி விழவைக்கும் தொடர்பு முனைகள்தான் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்பதும், 350-க்கு முழு ரிட்டார்டில், அதாவது டைமிங் மிகவும் பிந்திய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும் என்பதும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாடம். இதில் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங் என்ற வரிசை மாறவே கூடாது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும். கேமில் உரசும் ஃபைபர் முனை தேய்ந்து இடைவெளி குறைந்தால் ரிட்டார்ட் ஆகும்.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது பாயிண்ட் திறக்கும் அந்த ஒரு கணத்தைப் பிடிப்பதில்தான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகவே உருட்ட வேண்டும். பழைய இஞ்சினில் டைமிங் பக்கப் பல்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஆட்டத்தோடுதான் இருக்கும் என்பதால், குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே சிறிது பின்னால் உருட்டிச் சரிசெய்தால் போதாது. நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், ஆட்டம் முழுவதையும் எடுத்துவிட்டு, மறுபடி முன்னோக்கி வந்தால்தான் அளவு உண்மையாக இருக்கும். பலர் சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். எனக்கு நகைக்கடையில் மோதிரம் சுற்றித் தரும் ரோஸ் நிறத் தாள் இன்னும் ஒத்துவருகிறது. மெல்லியது, கிழியாமல் வருகிறது, நிறத்தால் கண்ணுக்கும் தெரிகிறது. கூடவே சாவியைப் போட்டு அம்மீட்டரையும் பார்த்துக்கொள்கிறேன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மின்சாரம் செலவாகும் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் நடுவுக்கு வந்துவிடும். தாள் நழுவுவதும் முள் திரும்புவதும் ஒரே இடத்தில் நடந்தால் அந்த அளவை நம்பலாம்.

எல்லாம் கச்சிதமாக வைத்த பிறகும் மலையில் நாக் நிற்கவில்லை என்பதுதான் என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் சத்தம் குறையும், ஆனால் இஞ்சின் கொதித்து, வண்டி இழுக்காமல் சோர்ந்துவிடும். பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் சத்தமும் கூடவே வந்துவிடும். குமுளியில் பட்டறை வைத்திருக்கும் மலையாளி ஆசானிடம் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் இஞ்சின் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. மூடியைக் கழற்றி, கேமை இரு விரலால் பிடித்துத் திருப்பிவிட்டார். அது பாதி வழி திரும்பி வந்து நின்றுவிட்டது. “தம்பி, டைமிங் பின்னே நோக்காம் (பிறகு பார்க்கலாம்). முதல்ல ஸ்பிரிங் பாரு” என்றார். “ஆசானே, புது ஸ்பிரிங்தானே போட்டிருக்கேன்” என்றதற்கு, “புதுசுன்னா நல்லதுன்னு யார் சொன்னது?” என்று மூடியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் அமைப்பில் இரண்டு எடைகளும் அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும்; வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை முழுவதும் பழைய இடத்துக்கு இழுத்துவர வேண்டும். நான் உள்ளூரில் வாங்கிய புதிய ஜோடியில் ஒன்றின் கொக்கி சற்று நீளம். அதனால் எடை முழுமையாக உள்ளே வராமல், குறைந்த வேகத்தில் ஏற்றத்தில் இழுக்கும்போதே இஞ்சின் பாதி அட்வான்ஸில் ஓடியிருக்கிறது. சமவெளியில் இது தெரியவே தெரியாது. பழைய புல்லட் வைத்திருக்கும் எவரும் டைமிங்கில் கை வைக்கும் முன் கேமைத் திருப்பிவிட்டு, அது தானாகவே சுண்டித் திரும்பி முழு ரிட்டார்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பதை மிகுந்த அழுத்தத்தோடு சொல்கிறேன்.

சரியான ஸ்பிரிங் சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக்காகக் கிடைத்தது. பளபளப்பான பாக்கெட்டில் வரும் நகல் சரக்கைவிட, கிரீஸ் காய்ந்த பழைய சரக்கு பல மடங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. கண்டென்சருக்கும் இது பொருந்தும். மைய போல்ட்டை இறுக்கும்போது கேமும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும் தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. கடைசி நூலளவை அடித்தட்டின் நீள்துளையில் நகர்த்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை வண்டி இருந்தாலும் இன்னும் ஒன்று வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு ஸ்பிரிங்கைப் புரிந்துகொள்ள இத்தனை காலம் பிடிக்கிறதென்றால், ஒரு மனிதனால் உண்மையாகக் கவனிக்கக்கூடிய பழைய வண்டி ஒன்றுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கவனிப்பே கேட்காமல் ஓடும் வண்டி ஒன்று, கவனிப்பைக் கேட்டுக்கேட்டுக் கற்றுத் தரும் வண்டி ஒன்று. மலையடிவாரத்தில் வாழும் எனக்கு இந்த இரண்டும் போதும். புல்லட்டில் நான் மூழ்கியிருந்த மாதங்களில் ஆர்எக்ஸ் அசையாமல் நின்றது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களையும் பாதிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பச்சை படிந்திருந்தது, பைலட் ஜெட் அடைத்திருந்தது. ஓடாத வண்டிக்கும் இன்சூரன்ஸ் உண்டு. 15 ஆண்டு முடிந்த பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். சொந்தமாக வைத்திருக்கிறேன் என்ற பெருமைக்காக ஒரு நல்ல இஞ்சினை நிறுத்தியே கெடுப்பது அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம்.

கேரளத்துக் கட்டப்பனையில் ஒருவர் ஆர்எக்ஸை விலைக்குக் கேட்டிருக்கிறார். டூ ஸ்ட்ரோக்கை நன்கு அறிந்தவர், தினமும் ஓட்டப்போகிறவர் என்பதால் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் விற்பதில் காகித வேலை கூடுதல். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டும் வண்டியை அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குத் தேனி ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். விண்ணப்பம் எழுதிவிட்டேன். அதற்குள் கார்புரேட்டரை முழுவதும் பிரித்துக் கழுவி, ஜெட் மாற்றி, ஓடும் நிலையில்தான் கொடுப்பேன்.

புல்லட்டில் இன்னும் கிளட்ச் பாக்கி இருக்கிறது. சூடேறினால் நியூட்ரல் விழ மறுக்கிறது. பிளேட் வளைந்திருக்குமோ, கேபிள் நீண்டிருக்குமோ என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை. கார்த்திகையில் சபரிமலை வண்டிகள் சாலையை நிறைக்கும் முன்பே பிரித்து முடித்துவிட எண்ணம். பிளேட் செட் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கிறது என்பதைக் கோட்டயம் பக்கம் புல்லட் வைத்திருப்பவர்கள் சொன்னால் நேரில் போய் வாங்கி வருவேன்.