சனிக்கிழமைக் கணக்கு

2023 நவம்பர் 18, சனி

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. திருப்பூரில் இது வழக்கம்தான். பண்டிகை முடிந்து ஒரு வாரத்துக்குப் பனியன் கம்பெனிகள் பந்தி முடிந்த மண்டபம் போலக் கிடக்கும். என் ஓவர்லாக் மிஷினுக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. நான்கு ஷிப்டுக்குச் சம்பளம் 2,200.

போனஸாக 14,000 வந்திருந்தது. அம்மாவுக்கும் தம்பிக்கும் துணி, வீட்டுச் செலவு எல்லாம் போக 9,000 நின்றது. வங்கியில் ஏற்கெனவே இருந்தது 38,400. இன்றைய இருப்பு 47,400. இரண்டு வருடச் சேமிப்பு இவ்வளவுதானா என்று கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் இனிமேல் எழுதிவைக்கப் போகிறேன்.

மார்பு அறுவைக்குக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்ன தொகை 1,35,000. மயக்க மருந்து, மூன்று நாள் படுக்கை எல்லாம் அதில் அடக்கம். இதுவரை இந்த ஒரு தொகையைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். போன வருடம் இதே அறுவையைச் செய்துகொண்ட கோவை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். "ஆறு வாரம் மிஷினில் உட்கார முடியாது. அந்த ஆறு வாரம் வாடகை யார் கொடுப்பார்கள், சாப்பாடு யார் போடுவார்கள்?" என்றார். அவரும் என்னைப் போலவே பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிதான், பட்டு அறிந்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஸ்கேன் 5,500. அறுவைக்குப் பின் போடும் இறுக்கச் சட்டை 3,500. லைன் வீட்டு வாடகை இரண்டு மாதம் 7,000. சாப்பாடும் மற்றதும் 7,000. கூட்டினால் 1,58,000.

டிசம்பர் 10, ஞாயிறு

சீட்டு அக்கா வீட்டுத் திண்ணையில் இன்று புதுச் சீட்டு தொடங்கியது. ஒரு லட்சம், இருபது பேர், இருபது மாதம், மாதம் 5,000. முதல் சீட்டு அக்காவுக்கு. ஏலத்தில் தள்ளுகிற தொகையில் அவருடைய கமிஷன் 5,000 போக மீதியை இருபதாகப் பிரித்து ஒவ்வொருவர் தவணையிலும் கழிப்பார்கள். அவசரமாகப் பணம் வேண்டியவன் அதிகம் தள்ளுவான், பொறுத்திருப்பவனுக்கு அது லாபம். பொறுப்பதும் ஒரு வசதிதான்.

நீள நோட்டைப் பிரித்து, "பெயர் சொல்லு தம்பி" என்றார். சொன்னேன். பதினொன்றாவது வரியில் எழுதிக்கொண்டார். ஆதார் கேட்கவில்லை, வேறெதுவும் கேட்கவில்லை. "மாதம் பத்தாம் தேதி தாண்டக் கூடாது" என்றார், அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் இருப்பது அம்மா வைத்த பெயர். நான் வைத்துக்கொண்ட பெயரை இன்னொருவர் பேனாவால் எழுதிப் பார்த்தது இன்றைக்குத்தான். கையெழுத்து கோணலாக இருந்தது. கடைசி எழுத்தின் புள்ளி அடுத்த வரியில் விழுந்திருந்தது.

2024 ஜனவரி 6, சனி

பஸ் பற்றி எழுத வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் ஒரு வருடம் கண்டக்டர்கள் என் முகத்தைப் பார்த்ததும் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஊமை போல நிற்பேன். ஹார்மோன் ஊசி போடத் தொடங்கி குரல் உடைந்த பிறகு நிலைமை மாறியது. மேலுதட்டில் பூனை முடி கறுத்ததும் முற்றிலும் மாறியது. "எங்கே போகணும் தம்பி" என்று கேட்டுக் காசு வாங்குகிறார்கள்.

போக வர ஒரு நாளைக்கு 20 ரூபாய், மாதம் ஐந்நூறுக்கு மேல். திருநங்கைகளுக்கும் இலவசப் பயணம் உண்டு. அட்டை வாங்கிக் காட்டினால் எனக்கும் கிடைக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். நெரிசலில், நாற்பது பேர் முன்னால் அட்டையை நீட்டி விளக்கம் சொல்ல என்னால் ஆகாது. கணக்கு நோட்டில் இந்தச் செலவைப் 'பஸ்' என்று எழுதாமல் 'மீசை' என்று எழுதுகிறேன். மீசை 520.

இருப்பு 49,200.

பிப்ரவரி 17, சனி

ஆர்டர் வந்திருக்கிறது, வெளிநாட்டுக்குக் குழந்தைகள் டீ ஷர்ட். மூன்று வாரமாகத் தினமும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. ஒன்றரை ஷிப்டுக்கு 825 ரூபாய். ஆசை யாரை விட்டது?

மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. எனக்கு இது தெரியும். கம்பெனியிலோ கட்டிங் மாஸ்டரைத் தவிர யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாது, நடுவில் கழற்றி மாட்டக் கழிவறையில் தாழ்ப்பாள்கூடச் சரியில்லை. பன்னிரண்டு மணி நேரம், நூல் தூசி, தகரக் கூரை. புதன்கிழமை மாலை வலது விலாவில் யாரோ கத்தரிக்கோலை வைத்து அழுத்துவது போல ஒரு குத்தல். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. எலும்பு முறியவில்லை என்று சொல்ல எக்ஸ்ரேயும் மாத்திரையும் சேர்த்து 1,150 வாங்கினார்கள். இரண்டு நாள் போகவில்லை, அதில் 1,650 போனது.

அரை ஷிப்ட் கூடுதலாக உழைத்துச் சேர்த்த பணத்தை விலா தின்றுவிட்டது. எதை எடுத்துப்போடப் பணம் சேர்க்கிறேனோ அதைக் கட்டிவைத்துக்கொண்டுதான் சேர்க்கவும் வேண்டியிருக்கிறது. இனி வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஒன்றரை ஷிப்ட். துணி மீதியில் லைக்ரா ரிப் எடுத்து, கொஞ்சம் தளர்வாக நானே ஒன்று தைத்துக்கொண்டேன். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதைவிட இது நன்றாக இருக்கிறது. தொழில் தெரிந்தவன் என்பதில் இன்று கொஞ்சம் கர்வம்.

இருப்பு 49,050.

மார்ச் 16, சனி

அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்களே, ஏன் இந்தப் பாடு என்று நண்பரின் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போகாமல் இல்லை. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு ஐந்து முறை போனேன். மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், அறுவை மருத்துவர், மறுபடி மனநல மருத்துவர். குறை சொல்லக் கூடாது, ஊசியை முறையாகத் தொடங்கிக் கொடுத்ததே அங்கேதான், ஒரு பைசா வாங்கவில்லை. அறுவைக்குத் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு ஷிப்ட் இழப்பு 1,100. ரயிலும் சாப்பாடும் 700. ஐந்து முறைக்கு 9,000. ஆறாவது முறை போக எனக்குத் தெம்பு இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் இலவசமாகவே இருக்கும்.

2022இல் திருநபர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்தது. நான் போய்க் கேட்ட மேசையில் இருந்தவர் அதை என்னிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

இந்த வாரம் வேறொரு வாசல் திறந்தது. லைன் வீட்டுப் பெண்கள் குழுவுக்குக் கடன் வருகிறது, தலைக்கு 40,000. ஒரு ஆள் குறைகிறது. என் ஆதாரில் இன்னும் 'பெண்' என்றுதான் இருக்கிறது என்பது எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியும். "பெயர் மட்டும் கொடு, கடன் வாங்க வருகிற அன்று முகத்தை மழித்துக்கொண்டு வா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாற்பதாயிரம் என்றால் எட்டு மாதம் மிச்சம். இரண்டு இரவு யோசித்தேன். ஒரு நாள் போய் உட்கார்ந்துவிடலாம்தான். அதன் பிறகு வாராவாரம் வசூலுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே. வேண்டாம் என்றேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இருப்பு 51,600.

ஏப்ரல் 19, வெள்ளி

தேர்தல். சம்பளத்தோடு விடுமுறை. ஊரில்தான் ஓட்டு. பள்ளிக்கூடத்தில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று இரண்டு. ஆண்கள் வரிசையில் நின்றேன். உள்ளே அட்டையை வாங்கிய ஆசிரியை என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவர். பட்டியலில் இருந்த பெயரைச் சத்தமாகப் படிக்காமல் வரிசை எண்ணை மட்டும் சொன்னார். மை வைத்தார்கள், வந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

தம்பிக்குப் பாலிடெக்னிக் கட்டணம் 12,000. இதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கொடுத்தேன்.

இருப்பு 41,400.

ஜூலை 23, செவ்வாய்

அம்மா என் பெட்டியில் வைத்துவிட்ட அரை சவரன் தோடு இருக்கிறது, வயதுக்கு வந்தபோது தாய்மாமன் போட்டது. விலை ஏறட்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன். இன்று பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் விழுந்தது. கம்பெனியில் கல்யாண வயதுப் பெண் வைத்திருப்பவர்கள் எல்லாம் டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் டீயை ஆறவிட்டேன்.

ஜூலை 27, சனி

இன்னும் விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் இன்றே விற்றுவிட்டேன். கடைக்காரர் பெரியவர். தோட்டை உரசிப் பார்த்தார், தராசில் வைத்தார். "யாருடையது?" என்றார். தங்கையுடையது என்று சொல்லத்தான் நினைத்து வந்தேன். வாயில் வந்தது "என்னுடையது".

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் காதைப் பார்த்தார். துளை தூர்ந்துபோகவில்லை. இன்னும் இருக்கிறது. ஒரு நிமிடம் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. "எங்கள் தாத்தாவும் கடுக்கன் போட்டிருந்தார்" என்றார். பிறகு கழிவு போட்டு 24,300 எண்ணிக் கொடுத்தார். கடுக்கனுக்கும் ஜிமிக்கி வைத்த தோட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நகைக்கடைக்காரர் கொங்கு நாட்டில் இருக்க முடியாது.

இருப்பு 65,700.

செப்டம்பர் 8, ஞாயிறு

பத்தாவது சீட்டு. இன்று எடுத்தே தீர வேண்டும் என்று போனேன். என்னைப் போலவே இன்னொருவருக்கும் அவசரம், மகளுக்கு வளைகாப்பு. அவர் எட்டாயிரம் என்றார், நான் ஒன்பது. அவர் பன்னிரண்டு. திண்ணையில் இருந்தவர்கள் கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்த்தார்கள், தள்ளத் தள்ள அவர்களுக்குத்தானே கழிவு. பதினைந்து என்றார். பதினாறு என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பிக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்றார். "ஒரு ஆபரேஷன்." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த மாதம் முன்னுரிமை என்று அக்கா சமாதானம் சொன்னார்.

கையில் 84,000. இனி இன்னும் பத்து மாதம் எடுத்த சீட்டுக்காரனாகக் கட்ட வேண்டும். வேலைக்குப் போகாத மாதங்களிலும் கட்ட வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு தவணை 9,500. தேவை 1,67,500 ஆகிவிட்டது. இருப்பு 1,49,700.

செப்டம்பர் 30, திங்கள்

கோவை. தேதி கொடுத்துவிட்டார்கள், நவம்பர் 18. முன்பணம் 10,000 கட்டினேன், அதையும் இருப்பிலேயே சேர்த்து எழுதுகிறேன். டாக்டர் பேனாவால் என் மார்பில் கோடு போட்டு விளக்கினார். கீழ் மடிப்பில் வெட்டி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தோலை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். காம்பைத் தனியே எடுத்து, அளவு குறைத்து, புது இடத்தில் வைத்துத் தைப்பார்கள். பாக்கெட்டைப் பிரித்து இடம் மாற்றுவதுதானே என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, "நீங்கள் டெய்லரா? அப்படியென்றால் தழும்பு பற்றி உங்களிடம் பொய் சொல்ல முடியாது" என்றார். இரண்டு பக்கமும் குழாய் வைத்து நீர் வடியவிடுவார்களாம். சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொன்னார், தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும் என்பதற்காக.

நாளைக்கு இரண்டு சிகரெட் மிச்சம். அதை நோட்டில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 26, சனி

போனஸ் 15,000. இந்த வருடம் யாருக்கும் துணி எடுக்கவில்லை. வாரச் சம்பளம் வீட்டுக்கும் சீட்டுக்கும் சரியாகப் போகிறது. இருப்பு 1,64,700. குறைவது 2,800.

அம்மா வந்திருந்தார். நான் எதையும் சொல்லவில்லை, தம்பி சொல்லியிருப்பான். இரவு சாப்பிட்டு முடித்ததும் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து 500 ரூபாய்த் தாள்கள் எட்டை எண்ணி வைத்தார். மகளிர் உரிமைத் தொகை, நான்கு மாதத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதற்குச் சிரிக்கிறாய்?" என்று பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்டார். சொல்லவில்லை. "எனக்கு வந்த பணம், நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகு, "ரொம்ப வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 9, சனி

ஆறு வாரம் கையைத் தலைக்குமேல் தூக்கக் கூடாது என்றால் டீ ஷர்ட்டே போட முடியாது. வாழ்நாளில் எத்தனை லட்சம் டீ ஷர்ட்டுக்குத் தோள் மூட்டியிருப்பேன், எனக்கு உதவப்போவது முன்பக்கம் திறக்கிற சட்டைதான். கட்டிங் மாஸ்டர் மூலையில் கிடந்த நீலப் பருத்தித் துணியை எடுத்துக் கொடுத்தார். இரவு எல்லோரும் போன பிறகு சிங்கர் மிஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

காஜா இடது பட்டியில், பொத்தான் வலது பட்டியில். ஆண் சட்டைக்கு அப்படித்தான். கை தானாகவே போனது.

மார்பு அளவு எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். இருக்கிற அளவு 36. சாக்குக்கட்டியால் எழுதினேன், அழித்தேன், 33 என்று எழுதினேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "கட்டு இருக்கும் தம்பி, வீக்கம் இருக்கும், தாராளமாக விடு" என்றார். "பிறகு லூஸாகிவிடுமே" என்றேன். "அப்போது பிடித்துக் கொடுக்கிறேன், உள்தையலில் துணி விட்டு வை" என்றார்.

38 போட்டு வெட்டினோம்.