ஜெர்மனியில் காசு கரையாமல் ஊர் சுற்ற

ஒண்ணுக்குப் போக நூறு ரூபாய்! ஜெர்மனியில் பெரிய ரயில் நிலையங்களில் இறங்கினால் கழிப்பறை வாசலிலேயே ஒரு தடுப்புக் கதவு வழி மறிக்கிறது. ஒரு யூரோ போட்டால்தான் திறக்கும். யூரோவை நூறு ரூபாய் என்று மனக்கணக்கு போட்டுப் பழகிவிட்டோமா, ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. ஆகவே முதல் அறிவுரை இதுதான்: இறங்குவதற்கு முன் ரயிலிலேயே போய்விடுங்கள், அங்கே இலவசம்.

போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம், பார்க்க வேண்டிய இடங்கள் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் வரிசை நிற்கிறதென்று பார்ப்போம்.

போக்குவரத்துக்கு ஒரே பதில் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு காலண்டர் மாதம் முழுக்க நாடு முழுவதும் டவுன் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ போன்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மாதத்துக்குள் நீளும்படி பயணத்தை வைத்தால் இரண்டு மாதக் காசு போய்விடும், தேதி பார்த்து விமான டிக்கெட் போடுங்கள். சில இடங்களில் ஐரோப்பிய வங்கிக் கணக்கு இருந்தால்தான் தருவார்கள். கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும்.

மெதுவான ரயில் என்று முகம் சுளிக்க வேண்டாம். பெர்லினிலிருந்து லைப்சிக்குக்கு வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் மாறும் ஊர் விட்டன்பெர்க்! கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1517-இல் தன் 95 வாதங்களை வெளியிட்ட ஊர். அவற்றை ஆணியடித்துத் தொங்கவிட்டதாகச் சொல்லப்படும் தேவாலய மரக்கதவு தீயில் போய்விட்டது. இப்போது இருப்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு, வாதங்கள் அத்தனையும் அதில் பொறித்திருக்கின்றன. வேக ரயில்காரர்கள் இதையெல்லாம் ஜன்னல் வழியாகத் தாண்டிப் போகிறார்கள், அதுவும் கூடுதல் காசு கொடுத்து.

இதே ரயில்களைத் திட்டவும் வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூரிங்கியா பக்கம் ஒரு சின்ன ஊரில், நாங்கள் மாற வேண்டிய ரயில் ரத்து. பலகையில் ஒரு வரி ஓடியது, அவ்வளவுதான். நிலையத்தில் கேட்க ஓர் ஆள் கிடையாது, உட்கார ஒரே பெஞ்ச். சரி, எதையாவது வாங்கிச் சாப்பிடலாம் என்று ஊருக்குள் நடந்தால் மொத்த ஊரும் பூட்டிக் கிடக்கிறது. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் சூப்பர் மார்க்கெட் உட்பட கடைகள் மூடல், சட்டமே அப்படி. பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், அதுவும் எங்களுக்குத் தப்பிவிட்டது. "பந்த் மாதிரி இருக்கேங்க" என்றாள் வீட்டம்மா. கடைசியில் நடைமேடை இயந்திரத்தில் வந்த சிப்ஸ்தான் மதியச் சாப்பாடு. சனிக்கிழமை மாலையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் பெர்லின் மாதிரி பெரிய ஊரின் ரயில் நிலையத்துக்குப் போனால் உள்ளே கடைகள் திறந்திருக்கும்.

ஓட்டலில் தண்ணீர் கேட்டால் பாட்டிலோடு பில்லும் வரும். ஒரு சுற்றுலாத்தலத்தில் குமிழி விடும் ஒரு பாட்டில் தண்ணீருக்கு நாங்கள் அழுத காசில் பேக்கரியில் காலைச் சாப்பாடே முடித்திருக்கலாம். குழாய்த் தண்ணீர் நல்ல குடிதண்ணீர், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். கடையில் வாங்கும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன்களுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அந்தத் தொகையை பில்லில் கழித்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வீட்டம்மா ஒரு பாட்டிலைக்கூடக் குப்பையில் போட விடவில்லை. அங்குள்ளவர்கள் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதையும் பார்த்தோம். பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கை விட வேண்டியிருக்கக் கூடாதாம்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்த சங்கதி மியூனிக்கின் பியர் கார்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கப்படி, குடிப்பதை அங்கே வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு வரலாம். பவேரிய மாநில அரசு இதற்குத் தனி விதியே வைத்திருக்கிறது. துணி விரிக்காத மேசையாகப் பார்த்து உட்கார வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஹாஸ்டல் அடுப்பில் கிளறிய எலுமிச்சைச் சாதத்தைக் கட்டிக்கொண்டு ஹிர்ஷ்கார்ட்டனுக்குப் போனோம். எட்டாயிரம் பேர் உட்காரும் தோட்டம், கஷ்கொட்டை மர நிழல். பக்கத்து மேசைக் குடும்பம் தாங்களே கொண்டுவந்த கட்டம் போட்ட துணி விரித்து, முள்ளங்கி, ரொட்டி, வெண்ணெயும் காரமில்லாத மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்த ஒபாட்ஸ்டா என்ற சீஸ் என்று ஒரு கல்யாணப் பந்தியே வைத்திருந்தது. பெரியவர் எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்தார். நான் ஒரு கரண்டி வைத்தேன், அவர் ஒபாட்ஸ்டா கொடுத்தார். லிட்டர் பியர் வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ இருக்கிறது. அந்தப் பயணத்தின் ஆகச்சிறந்த சாப்பாடு அதுதான். பழைய ஊர்ச் சதுக்கத்து உணவகங்களில் படம் போட்ட மெனு வைத்து அழைக்கும் இடங்களைத் தாண்டி நடந்துவிடுங்கள்.

மியூனிக்கில் ஞாயிறு ஒரு விதத்தில் லாபம்: ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்தில் அன்றைக்கு ஒரு யூரோதான். கழிப்பறைக்குக் கொடுக்கும் அதே காசில் டியூரர் 1500-இல் தன்னைத்தானே வரைந்த ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பெர்லினில் பெர்னாவர் தெருவின் பெர்லின் சுவர் நினைவிடம், நாஜிக் காலத்தை ஆவணங்களோடு விரிக்கும் டோப்போகிராஃபி ஆஃப் டெரர், ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடம் மூன்றும் இலவசம். குவிமாடத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும், பாஸ்போர்ட் கையில் வேண்டும்.

லைப்சிக்குக்கு வெள்ளியோ சனியோ போங்கள். வெள்ளி மாலை ஆறு மணி, சனி மதியம் மூன்று மணிக்கு, பள்ளி விடுமுறைக் காலம் தவிர, தாமஸ் தேவாலயத்தில் தோமானர் பையன்கள் பாடுவார்கள். 1212-இல் தொடங்கிய குழு. இசைமேதை பாக் 1723 முதல் 1750-இல் சாகும்வரை இதற்குப் பொறுப்பாளராக இருந்தார், இப்போது கல்லறையும் அதே தேவாலயத்துக்குள்தான். சில யூரோவுக்கு நிகழ்ச்சித் தாள் வாங்கினால் அதுவே நுழைவுச்சீட்டு. பாடுபவர்கள் பின்பக்க மாடத்தில் நிற்கிறார்கள், முகம் தெரியாமல் குரல் மட்டும் தலைக்கு மேல் வந்து இறங்கியது. எத்தனையோ மடங்கு கட்டணம் வாங்கும் கச்சேரி அரங்குகளை யாருக்கு வேண்டும்?

அங்கிருந்து புறநகர் ரயிலில் ஹாலே, அதே டிக்கெட்தான். சீகன்பால்கு படித்த ஊர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கிறித்தவப் போதகர். அங்கே தமிழ் அச்சடிக்க முதலில் எழுத்து வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். ஃபிராங்கே அறநிலையத்தின் பழைய அனாதை இல்லத்து மேல்தளத்தில் ஓர் அதிசயப் பொருள் அறை இருக்கிறது. போதகர்கள் நம்மூர்ப் பக்கமிருந்து அனுப்பிய பொருட்களுக்கும் அதில் ஓர் அலமாரி. தமிழ் ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்கள் ஏன் இந்த ஊரைத் தாண்டிப் போகின்றன என்று எனக்கு விளங்கவேயில்லை.

தங்குமிடம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: சமையலறை உள்ள ஹாஸ்டல், மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் சமயத்தைத் தவிர்ப்பது, அவ்வளவுதான். சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள், கார்டு வாங்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம் அந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒரு சந்தா. அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால், நீங்கள் சென்னையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த மாதத்துக்கும் 63 யூரோ எடுத்துவிடுவார்கள்.