போர்முனைக்குப் போன கதைகள்

சாப்பாடும் மருந்தும் தோட்டாவும் ஏற்ற வேண்டிய கப்பலில் கதைப் புத்தகத்துக்கு எதற்கு இடம்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இடம் கொடுத்தது. ‘ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்ஸ்’ என்ற புத்தக வரிசையில் 1943 முதல் 1947 வரை 1,322 பதிப்புகள், 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள். நாவல்கள் ஏராளம். வீரர்களுக்கு இலவசம்.

கெட்டி அட்டைப் புத்தகம் கனக்கும். அதனால் சட்டைப்பையில் அடங்கும்படி, மெல்லிய தாளில், பத்திரிகைகள் அச்சாகும் இயந்திரங்களிலேயே அடித்தார்கள். ஒரே தாளில் மேலே ஒரு புத்தகம், கீழே இன்னொன்று; கடைசியில் குறுக்கே வெட்டினால் இரண்டு. உயரம் குறைந்து அகலம் கூடிய அந்த வடிவம் இப்படி வந்ததுதான். அகலப் பக்கத்தில் நீளமான வரி கண்ணை அலைக்கழிக்கும், மங்கிய வெளிச்சத்தில் இன்னும் மோசம். எனவே செய்தித்தாளில் போல, பக்கத்தை அருகருகே இரண்டு பத்திகளாகப் பிரித்தார்கள். வெப்பமண்டலத் தீவுகளின் ஈரத்திலும் பூச்சியிலும் பசை தாங்காது. ஆகவே ஸ்டேப்ளர் கம்பி அடித்துக் கட்டினார்கள். பிரதிக்குச் செலவு ஏறக்குறைய 6 சென்ட்.

போரில் பெரும்பொழுது காத்திருப்புதான். அந்த நேரத்தில் பயத்தைத் தவிர வேறொன்றை மனம் பற்றிக்கொள்ள வேண்டும். நாவல் அளவுக்கு அதைச் செய்யக்கூடியது வேறெதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கக் காத்திருந்த வீரர்களின் கையிலும் இந்தப் புத்தகங்கள் இருந்தன.