இரண்டு நாள்தானே, தம்பி

பில் ஆஃப் லேடிங்கில், அதாவது சரக்கு கப்பலில் ஏறியதற்குக் கப்பல் கம்பெனி சார்பில் நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டில், தேதியை மாற்ற முடியாது என்று ஏற்றுமதி செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் நான் சொன்னது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் அவர் கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

தென்காசிப் பக்கத்துக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள் சரக்கு. எல்.சி.யில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிப் பத்திரத்தில், சரக்கைக் கப்பலில் ஏற்றக் கடைசித் தேதி 31. பெட்டி 28-ம் தேதியே தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போய்விட்டது. கொழும்புக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகும் சிறு கப்பலான ஃபீடர் பிந்தியதால் கப்பலில் ஏறியது அடுத்த மாதம் 2-ம் தேதி. எல்.சி.யைத் திருத்தக் கேட்டும் வாங்குபவர் வாய் திறக்கவில்லை.

"31-ன்னு போட்டுக் குடுங்க தம்பி. எது வந்தாலும் என் பொறுப்புன்னு லெட்டர் எழுதித் தாரேன். இரண்டு நாள்தானே?"

"முடியாது அண்ணாச்சி. அது பொய்த் தேதி."

"என் பெட்டி நேரத்துக்கு உள்ள போயிட்டு. கப்பல் பிந்துனதுக்கு நான் எதுக்குத் தண்டம் கட்டணும்?"

எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் யூசிபி 600 என்ற சர்வதேச விதிப்படி, சரக்கு கப்பலில் ஏறிய தேதிதான் கணக்கு. துறைமுகத்துக்குள் போன தேதி அல்ல. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. அந்தத் தாளில் பொய் எழுதினால் அப்புறம் எதை நம்புவது? பொறுப்புக் கடிதமும் காப்பாற்றாது. ஒழுகும் பீப்பாய்களில் ஆரஞ்சுச் சாற்றை ஏற்றிவிட்டு, கடிதம் வாங்கிக்கொண்டு சரக்கில் குறையில்லை என்று பில் கொடுத்த வழக்கில், அந்தக் கடிதம் செல்லாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1957-லேயே சொல்லிவிட்டது.

இதெல்லாம் சரி. ஆனால் அசல் பில் வந்து சேராத சரக்கை, வங்கி உத்தரவாதத்தோடு இதே மாதிரிக் கடிதம் வாங்கிக்கொண்டு எங்கள் தொழிலில் விடுவிக்கத்தான் செய்கிறோம். அசல் பில்லைக் கொடுத்தால்தான் சரக்கு என்ற விதியை அதுவும் தாண்டுவதுதானே? அங்கே யாரும் ஏமாறுவதில்லை, இங்கே வாங்குபவர் ஏமாறுகிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். பாதி நாள் அது போதுமானதாகத் தோன்றுகிறது.

பில்லில் 2-ம் தேதி என்றே போட்டேன். ஆவணத்தில் முரண்பாடு என்று வங்கி பணத்தை நிறுத்தியது. வாங்குபவர் விலையைக் குறைத்த பிறகே ஒப்புக்கொண்டார். சரக்கில் ஒரு குறையும் இல்லை, சந்தை விலைதான் இறங்கியிருந்தது. அண்ணாச்சியின் நஷ்டத்தை யாரிடம் கேட்பது? பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில், தாமதத்துக்குக் கப்பல் கம்பெனி பொறுப்பில்லை என்று இருக்கிறது. முன்பக்கத் தேதிக்காக நான் அவ்வளவு உறுதியாக நின்றது அதே தாளில்தான். மறுபடி கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.